கனேடிய அனுபவமும் இரண்டு தேசிக்காயும்

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒரு கார் பதினொரு பெட்டிகளில் வந்து இறங்கியது. கார் என்று சொன்னவர் என் கணவர் சண்முகலிங்கம். நான் பார்த்தபோது பெட்டிகள் இருந்தன, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபைபர் உடம்பு இருந்தது. கார் எங்கே என்று கேட்டேன். இதுதான் கார், இனித்தான் துண்டு துண்டாகப் பொருத்திப் பூட்ட வேண்டும் என்றார்.

1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது. நாங்கள் ரொறன்ரோவில் மில்லிக்கனுக்குக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பின் தெருவில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து இந்தப் பெட்டிகளை வரவழைத்து, நான்கு வருடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வீட்டை விற்றுப் போகும்போது என் கணவருடைய தலையில் கட்டிவிட்டார். விளையாட்டுக் காராம். இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை கிடையாது. வருடத்தில் ஆறு மாதம் பனி கொட்டுகிற ஊரில் கூரை இல்லாத கார்.

"அந்த மனுசன் ஏன் பூட்டாமல் விட்டவராம்?" என்று கேட்டேன்.

"மனுசி விட்டிட்டுப் போட்டாவாம். பிறகு மனம் வரேல்லையாம்."

"ஏன் போனவ எண்டு இந்தப் பெட்டியளைப் பாக்கவே விளங்குது" என்றேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பெட்டிகளைத் தெருவில் தூக்கி வீசாததற்கு ஒரு காரணம் இருந்தது.

இவர் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பஸ் டிப்போவில் பன்னிரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். பஸ் வாசலுக்குள் நுழையும்போதே சத்தத்தைக் கேட்டு இன்ன இடத்தில் வருத்தம் என்று சொல்லிவிடுவார். ரொறன்ரோவுக்கு வந்து ஒவ்வொரு கராஜாக ஏறி இறங்கினார். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று. கனடாவில் வேலை செய்தால்தான் கனேடிய அனுபவம் கிடைக்கும், கனேடிய அனுபவம் இருந்தால்தான் கனடாவில் வேலை கிடைக்கும். இந்த விதியைக் கண்டுபிடித்தவரை ஒரு நாள் நேரில் சந்தித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசை. இலங்கையில் நட்டு ஒரு பக்கமும் கனடாவில் மறுபக்கமுமா திருகுகிறது?

கடைசியில் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் தயிர்க் கோப்பைகளுக்கு மூடி போடுகிற வேலை கிடைத்தது. மூடியை மெஷின்தான் போடும். சரியாக மூடாததை இவர் கையால் அமத்தி இறுக்க வேண்டும். மூடி போடப் போன பிறகு இவருடைய வாய்க்கும் யாரோ மூடி போட்டுவிட்டார்கள். வேலை, சாப்பாடு, நித்திரை. ஏதாவது கேட்டால் ஓம், இல்லை. நான் சண்டை பிடிப்பேன், அவர் பேசாமல் இருப்பார். ஒருவர் மட்டும் பிடிக்கிற சண்டையில் என்ன ருசி இருக்கிறது?

பெட்டிகள் வந்த அன்றைக்கு இவர் இரண்டு மணி நேரம் விடாமல் கதைத்தார். ஆகவே பொறுத்துக்கொண்டேன்.

நான் பொறுத்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு நாள் புட்டுப் பானையைத் திறந்தால் உள்ளே எண்ணெயில் நான்கு இரும்பு வளையங்கள் கொதிக்கின்றன. சூடாக்கினால் விரியுமாம், தண்டில் இலகுவாக ஏறுமாம். அந்தத் தண்டு எங்கே என்று பார்த்தால் ஃப்ரீசரில், பாரை மீனுக்குப் பக்கத்தில் பொலித்தீன் பையில் சுற்றிப் படுத்திருக்கிறது. அது குளிரில் சுருங்க வேண்டுமாம். ஒன்று விரிந்து மற்றது சுருங்கும்வரை எங்கள் வீட்டில் சமையல் இல்லை. அவர் குளித்துவிட்டு வந்தாலும் பெற்றோல் மணந்தது.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. என்ஜினைப் பழைய கார்கள் குவிந்த ஒரு யார்டில் எடுத்து, முழுவதையும் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினார். என்ஜினுக்குக் காற்று போவதற்காக, அதை மூடுகிற பொனற்றின் மேலே முன்பக்கம் பார்த்தபடி ஒரு மூக்கு வைத்தார். அந்த மூக்கிலிருந்து உள்ளே ஒரு வளைந்த குழாய், பெற்றோலோடு காற்றைக் கலக்கிற காபரேற்றரின் வாய்க்குப் போகிறது. மழைத் தண்ணீர் உள்ளே ஓடாமல் மூக்கின் வாசலில் ஒரு சின்ன வரம்பும் கட்டியிருந்தார். தன்னுடைய யோசனை என்று அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். இந்த மூக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996 மே மாதம் ஒஷாவாவில் ஒரு வேலை விளம்பரம் பார்த்தார். பழைய விளையாட்டுக் கார்களைத் திருத்திப் புதுப்பிக்கிற சின்ன வேர்க்‌ஷொப். முதலாளியின் பெயர் அலெக்ஸாண்டர். எனக்கு ஒரே சந்தோஷம், ஊரிலே குருநகர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஆளாக இருக்கும், நம்மவருக்கு நம்மவர் உதவாமலா என்று. இவர் ரெலிபோனில் கதைத்துவிட்டு வந்து சொன்னார், ஸ்கொட்லாந்துக் கிழவனாம்.

"கனேடிய அனுபவம் கேட்டவரோ?"

"இல்லை. சேட்டிபிக்கற் ஒண்டும் வாசிக்கிறேல்லையாம். கையாலை செய்த சாமான் ஏதும் இருந்தால் காட்டு எண்டார். கார் ஒண்டு பூட்டியிருக்கிறன் எண்டன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அதிலை வா எண்டார். ஓடிக்கொண்டு வரவேணும், கட்டி இழுத்துக்கொண்டு வரக்கூடாதாம்."

சொல்லிவிட்டு நேரே கராஜுக்குப் போய் ஒவ்வொரு நட்டையும் மறுபடி இறுக்கினார்.

செவ்வாய்க்கிழமை கார் சேஃப்ற்றிச் சோதனை பாஸ் பண்ணியது. புதன்கிழமை நம்பர் பிளேற் பூட்டி ஸ்டீல்ஸ் வீதியில் ஓடிப் பார்த்தார். பறந்ததாம். திரும்பி வந்து இறங்கியபோது தலைமயிர் எல்லாம் எழும்பி நின்றது, சிரித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி வந்தாள்.

இராஜேஸ்வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. மனதில் ஒரு கள்ளமும் இல்லை. இருப்பதெல்லாம் கண்ணில். மூன்று குளிர்காலம் ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றிய என் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்து, "நல்லாச் செழிச்சிருக்கு அக்கா" என்றாள். ஒரு கிழமையில் அது மொட்டையானது. என் ரைஸ் குக்கரைப் பாராட்டினாள். அன்று இரவே அது புகைந்தது. அவள் வாயைத் திறக்கும்போது நான் வீட்டில் உள்ள நல்ல சாமான்களை மறைத்துவிடுவேன். காரை எங்கே மறைப்பது?

"என்ன வடிவான கார் அக்கா" என்றாள். "ரொறன்ரோவிலை ஒருத்தரிட்டையும் இப்பிடி இல்லை. அண்ணை தன்ரை கையாலை செய்தது எண்டு ஆர் நம்புவினம்? இந்த வேலை அண்ணைக்குத்தான், பாருங்கோவன்."

நாலு வசனம். ஒவ்வொன்றும் எனக்கு நெஞ்சில் விழுந்தது.

காருக்குக் கண்ணூறு கழிக்க வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அதற்கு இவர், "உதிலை தேசிக்காய், செத்தல் மிளகாய் ஒண்டும் தொங்கக்கூடாது. உது தேர் இல்லை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொங்கக்கூடாது என்றுதான் சொன்னார். வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. இராஜேஸ்வரி போன கையோடு ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், எடுத்து, குங்குமம் பூசி, கராஜுக்குப் போனேன். எங்கே வைப்பது? இருக்கையில் வைத்தால் பார்த்துவிடுவார். சில்லுக்குக் கீழே வைத்தால் நசிந்துபோகும், சனிக்கிழமைவரை நிற்காது. அப்போதுதான் பொனற்றில் இருந்த மூக்கு கண்ணில் பட்டது. பிள்ளையாரே காட்டித் தந்த இடம் என்று நினைத்தேன். வரம்பைத் தாண்டி மெதுவாக உள்ளே விட்டேன். அது அடக்கமாகப் போய் உட்கார்ந்தது. கும்பிட்டுவிட்டு வந்து நிம்மதியாக மீன் குழம்பு வைத்தேன்.

அன்று பின்னேரம் கார் நின்றுவிட்டது.

ஸ்ராட் பண்ணினால் உடனே பிடிக்கும். நின்ற இடத்தில் நன்றாக ஓடும். மெல்லப் போனால் போகும். வேகம் கொடுத்தவுடனே ஒரு விக்கல், பிறகு மூச்சு நின்றுவிடும். ஓரமாக நிறுத்தித் திரும்ப ஸ்ராட் பண்ணினால் ஒன்றும் நடக்காத மாதிரி இயங்கும். இவர் பிளக்குகளை மாற்றினார். பெற்றோல் ஃபில்ரரை மாற்றினார். பொனற்றை முன்பக்கமாகச் சரித்துத் திறந்து மணிக்கணக்காக உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை.

இராஜேஸ்வரியின் கணவர் தியாகலிங்கம் ஊரில் பௌதிகம் படிப்பித்தவர். அழைக்காமலே வந்து, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி நடந்தார்.

"சண்முகலிங்கம், இது பெற்றோலிலை தண்ணி" என்றார்.

பெற்றோலை முழுக்க இறக்கிப் புதிதாக விட்டார்கள். நின்றது.

"அப்ப கொயில் சூடாகுது."

நெருப்புப் பொறி கொடுக்கிற கொயிலை மாற்றினார்கள். நின்றது.

"அப்ப இது கனடாப் பெற்றோலுக்கும் இங்கிலாந்துக் காருக்கும் ஒத்துப்போகேல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மாஸ்ரர் தேத்தண்ணிக்கு உள்ளே வந்தார்.

நான் யோசித்தேன். தேசிக்காய் வைத்தும் இந்த நிலை என்றால் வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கார் எரிந்தே போயிருக்கும். இராஜேஸ்வரியின் கண்ணுக்கு ஒன்று போதாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், ஐயரிடம் கொடுத்து அம்மன் காலடியில் வைத்தெடுத்த தேசிக்காய் ஒன்றைக் கொண்டுவந்தேன். முதலாவதைவிடப் பெரியது. இவர் சாப்பிடும் நேரம் பார்த்து அதையும் மூக்குக்குள் விட்டேன். எங்கேயும் நான் அரைகுறையாக ஒரு வேலை செய்வதில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கும் என்பதால் எட்டு நாற்பதுக்கே புறப்பட்டோம். நானும் போனேன். தனியே விட எனக்கு மனமில்லை. சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, தலையைச் சுற்றி ஸ்காஃப், மடியில் சாப்பாட்டுப் பெட்டி. கூரை இல்லாத மஞ்சள் காரில், ஊர் முழுக்கப் பார்க்க, மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் ஊர்ந்தோம். நெடுஞ்சாலையில் ஏற முடியாது, ஆகவே கிங்ஸ்ரன் வீதியால் போனோம். ஒவ்வொரு சிக்னலிலும் இவர் முட்டைக்கு மேலே கால் வைக்கிறவர் மாதிரி அக்சிலரேற்றரை மிதித்தார். அப்படி ஒரு சிக்னலில் கிளம்பும்போது ஒரு கிழவி சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனாள், போகும்போது கார் நல்ல வடிவு என்றாள். எனக்குத் திக்கென்றது.

ரூஜ் ஆற்றுப் பள்ளம் வந்தது. இறக்கத்தில் கார் இரண்டு நாளாகக் காணாத வேகத்தில் ஓடியது. விக்கலும் இல்லை, ஒன்றுமில்லை. சரி, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாலத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நின்றுவிட்டது. ஸ்ராட் பண்ணினார். பத்து அடி போய் நின்றது. இன்னொருமுறை. நின்றது. ஐந்தாம் முறைக்குப் பிறகு இவர் கைகளை ஸ்ரியறிங்கில் வைத்தபடி அப்படியே இருந்தார். மணி பத்து.

"கை மறந்துபோச்சு கமலா" என்றார். "மூடி அமத்தின கை. இனி இதுக்குச் சரிவராது. திரும்பிப் போவம்."

சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை.

"திரும்பி எங்கை போறது? ஒஷாவாவுக்குப் பின்பக்கத்தாலை எண்டாலும் போகவேணும்" என்று கத்தினேன். கோபத்தில் சொன்னதுதான், யோசித்துச் சொன்னதில்லை.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏற்றத்தைப் பார்த்தார். பிறகு வந்த இறக்கத்தைப் பார்த்தார்.

"ஏறேக்கை சாகுது. இறங்கேக்கை பறக்குது" என்றார் தனக்குள்.

காரைப் பின்னோக்கி உருளவிட்டு, அடியில் வைத்துத் திருப்பி, முகம் பள்ளத்தைப் பார்க்க, ரிவேர்ஸ் கியரைப் போட்டார். கார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பின்பக்கமாக ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. வீதியோரத்தால், விளக்குகள் சிமிட்ட, இவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். நான் முன்னால் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் ஏறிப்போகிற ஒவ்வொரு காரிலும் இருந்தவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு பஸ் நிறையச் சனம். சும்மா இருப்பது மரியாதையில்லை என்று கையசைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பொனற்றுக்குள் ஏதோ உருண்டு வந்து மூக்கின் வரம்பில் முட்டியது. டக். பிறகு இன்னொன்று. டக்.

பௌதிகம் படிக்காவிட்டாலும் எத்தனை தேசிக்காய் உள்ளே வைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

சொல்லியிருக்க வேண்டும். இருபத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் வாய்க்குப் பூட்டு விழுந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். நடு ஏற்றத்தில் வைத்துச் சொன்னால் மனிதர் என்ன செய்வார் என்று பயந்தேன். ஒஷாவாவில் இறங்கி, இவர் முகம் கழுவப் போகிற நேரம் பார்த்துக் கையை விட்டு எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

உச்சியில் காரைத் திருப்பி, பழையபடி ஊர்ந்து ஒஷாவாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அலெக்ஸாண்டர் வாசலிலேயே நின்றார். சிவந்த முகம், வெள்ளை மீசை, எண்ணெய் பட்ட மேலங்கி. முகம் கழுவ நேரம் எங்கே? பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. காரைச் சுற்றி வந்தார், குனிந்து அடியைப் பார்த்தார், ஒரு நட்டைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு, தான் ஓட்டுவதற்கு ஏறினார். இவர் பக்கத்தில் இருந்தார்.

கிழவர் முட்டைக்கு மேலே கால் வைக்கிற ஆள் இல்லை. ஒரே மிதி. கார் முப்பது மீற்றர் போய் விக்கி நின்றது.

இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பூட்டுவது பெரிய காரியமில்லை. புத்தகம் பார்த்து யாரும் பூட்டலாம். பன்னிரண்டு மணிவரை நேரம் தருகிறேன். என்ன பிழை என்று கண்டுபிடி. திருத்துகிற ஆயுதங்கள் சுவரில் இருக்கின்றன" என்றார். ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் இவருக்குக் கிட்டப் போனேன். "இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லவேணும்."

"கதையாதை கமலா."

"இல்லை, அந்த மூக்குக்குள்ளை..."

"கதையாதை எண்டனெல்லே. நான் யோசிக்கிறன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டிப்போவில் பஸ் சத்தம் கேட்கும்போது நிற்கிற அதே நிலை. நான் வாயை மூடினேன். அவர் சுவரில் இருந்த ஓர் ஆயுதத்தையும் எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், கிழவரைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஐயா, என்ஜினில் பிழையில்லை. நெருப்பில் பிழையில்லை. பெற்றோலில் பிழையில்லை. ஏறும்போது சாகிறது, இறங்கும்போது ஓடுகிறது. முன்னுக்கு வேகம் கொடுத்தால் சாகிறது, பின்னுக்குக் கொடுத்தால் ஓடுகிறது. அப்படியென்றால் உள்ளே ஏதோ சும்மா கிடந்து உருளுகிறது. முன்னுக்குப் போனால் அது பின்னுக்கு உருண்டு காற்றுப் போகிற வாயை அடைக்கிறது. நின்றால் விலகிவிடுகிறது. பொனற்றைச் சரித்துத் திறந்தால் முன்னுக்கு உருண்டு வரம்பில் ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் என் கண்ணில் படவில்லை."

சொல்லிவிட்டு மூக்குக்குள் கையை விட்டார். ஒரு தேசிக்காயை எடுத்தார். அதைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கையை விட்டார். மற்றதையும் எடுத்தார். அது பெரியது.

வேர்க்‌ஷொப்பில் நான் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அந்த மனிதருடைய இரண்டு வருடத்தையும் நான் இரண்டு தேசிக்காயால் அடைத்துவிட்டேன் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

கிழவர் எழுந்து வந்து ஒன்றை வாங்கி மணந்து பார்த்தார். "நாற்பது வருடத்தில் காற்றுக் குழாயிலிருந்து எலி எடுத்திருக்கிறேன், குருவிக்கூடு எடுத்திருக்கிறேன். இது என்ன?"

இவர் சொன்னார்: "இது எங்கள் ஊர் இன்சூரன்ஸ், ஐயா. கண்ணூறுக்கு. வேலை கிடைக்க வேண்டும் என்று என் மனைவி வைத்தது."

கிழவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன்.

"இது வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

"தெரியாது, ஐயா" என்றார் இவர். "அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

சிரிப்பை அடக்கியதில் கிழவரின் மீசை ஆடியது. பிறகு தேசிக்காயை மேலங்கிப் பைக்குள் போட்டார்.

"திங்கட்கிழமை. காலை ஏழு மணி. சொந்தமாக வேலைச் சப்பாத்து கொண்டு வா" என்றார்.

வரும்போது நெடுஞ்சாலையால் வந்தோம். என் ஸ்காஃப் விற்பி நகருக்கு முன்னமே பறந்துபோய்விட்டது. நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போங்கோ, மெல்லப் போங்கோ என்று கத்தினேன். இவர் சிரித்தார். தேசிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. ரெக்ஸ்டேலில் எத்தனை மூடி போட்டார், கோண்டாவிலில் எத்தனை பஸ் திருத்தினார், எல்லாக் கதையும் வீடு வரும்வரை கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதிதான் கேட்டது. அது போதும்.

வாசலில் இராஜேஸ்வரி நின்றாள். "நான் அப்பவே சொன்னனான் அக்கா, அண்ணைக்குத்தான் வேலை எண்டு. இனி உங்களுக்கு நல்ல காலம்தான்."

நான் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போனேன். தேசிக்காயை எடுத்துத் திரும்பினால் இவர் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்சை தா" என்றார்.

பறிக்கப் போகிறார் என்று கையைப் பின்னால் ஒளித்தேன். அவர் என்னைக் கராஜுக்குள் கூட்டிப்போனார். தகரத் துண்டொன்றை வெட்டினார், வளைத்தார், துளையிட்டார். அரை மணி நேரத்தில் முன் பம்பருக்குப் பின்னால், காற்றுக்கும் சில்லுக்கும் எட்டாத இடத்தில், நாலு நட்டுப் போட்டு ஒரு சின்னக் கிண்ணத்தைப் பூட்டினார். தேசிக்காயை உள்ளே வைத்து, மேலே ஒரு ஸ்பிரிங் கம்பியால் அமத்தினார். பிறகு அதை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"இனி எத்தினை வேணுமெண்டாலும் வை" என்றார். "ஆனால் எனக்குச் சொல்லிப்போட்டு வை."